மண்ணையும் காசுக்கு வாங்கினா அது என்ன தோட்டம்?

மண் விக்கிறாங்க. நம்புங்க, மண்.

போன கிழமை கல்முனையில ஒரு கடையில பார்த்தன். பொலித்தீன் பையில கட்டி, விலைச்சீட்டு ஒட்டி, அழகா அடுக்கி வெச்சிருக்காங்க. பக்கத்துல கறுப்புப் பூச்சாடி. அதுக்கு மேல சொட்டுநீர்க் குழாய். அதுக்கும் மேல பளபளக்குற விதைப் பக்கட், படத்துல இருக்குற தக்காளி என்ட கைமுட்டி அளவு. என்னோட வந்த சாச்சிட மகள் எல்லாத்துலயும் ஒண்டொண்டு தூக்கினா. கட்டார்ல இருக்குற தம்பி ஒரு வீடியோ அனுப்பினாராம், "வீட்டிலேயே குட்டிப் பண்ணை, செலவே இல்ல" எண்டு. பில்லைப் பார்த்தா ரெண்டு பேர் ஏசி பஸ்ஸில கொழும்புக்குப் போய் வரலாம்.

செலவே இல்லையாம்!

(அவட பேரப் போடல்ல. போட்டா இந்தப் பெருநாளைக்கு வட்டிலப்பம் வராது.)

அந்த எரிச்சல்லதான் எழுதுறன். வீட்டுத்தோட்டம் வேணாம் எண்டு சொல்ல வரல்ல. எங்கட வளவுல கொச்சிக்கா, கங்குன், பசளி, முருங்கை, வாழை, பப்பாசி, நாலஞ்சு ஊர்க்கோழி எல்லாம் இருக்கு. ஆனா காசு போட்டுத் தொடங்குற தோட்டத்துல எனக்கு நம்பிக்கை இல்ல. வூட்டுலயும் ஊர்லயும் எறியிற சாமான்ல தொடங்கணும். அப்பதான் கணக்கு சரிவரும்.

நாங்க இருக்குறது பொத்துவில்ல, உல்லைப் பக்கம். வெளிநாட்டுக்காரருக்கு அறுகம்பே எண்டாத்தான் விளங்கும். அலையில பலகை ஓட்ட வாற ஆக்கள் மே மாசம் தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் நிறைஞ்சு கிடப்பாங்க. அந்த நேரம் இஞ்ச மழை பேருக்குத்தான். ரூம் கழுவ, படுக்கை விரிப்புத் தோய்க்க, அவங்க குளிக்க எண்டு ஊர்க் கிணறு முழுக்க வத்திக்கொண்டு போகும். நவம்பர்ல ஆக்கள் போக, மாரி வரும். உழைப்பு இல்லாத அந்த மாசங்கள்லதான் மண்ணும் ஈரம், கையும் சும்மா. எங்களுக்குத் தோட்டக் காலம் அதுதான். இந்தியச் சேனல்ல ஆடியில விதைக்கச் சொல்றதப் பார்த்து இஞ்ச ஆடியில விதைச்சா, விதைச்ச இடத்துலயே கருகும்.

மண் எண்டா எங்கட மண் மணல். சுத்த மணல். ஒரு வாளி தண்ணி ஊத்தினா நீங்க வாளிய வெக்கிறதுக்குள்ள அது போயிடும். எரு போட்டாலும் அடுத்த மழையோட கீழ இறங்கிடும்.

உம்மா இதுக்கு செய்றது பொச்சுமட்டை வைத்தியம். தேங்கா உரிச்ச மட்டைய நாங்க எரிக்கிறதே இல்ல. பாத்தி போடுற இடத்துல முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, மட்டைய வரிசையா அடுக்குவா. உள்பக்கம் மேல பார்த்துக்கொண்டு இருக்கணும். கவுத்து அடுக்கினா கையில ஒரு தட்டு விழும். மழைத் தண்ணி அந்தக் குழியில தங்கி, தும்பு அதக் குடிச்சு வெச்சிருக்கும். மட்டைக்கு மேல காய்ஞ்ச இலை, அதுக்கு மேல மண். மாரி முடிஞ்சு மண் மேல சுடுற நேரம் விரலை உள்ள விட்டுப் பாருங்க, கீழ குளிர்ச்சியா இருக்கும். தென்னை ஆராய்ச்சிக்காரரும் தென்னைக்கு இதத்தான் செய்யச் சொல்றாங்க. உம்மா அதெல்லாம் வாசிச்சவ இல்ல. அவட உம்மா செஞ்சா, இவவும் செய்றா.

அடுத்தது தண்ணி. கடற்கரை ஊர் ஆக்கள் இந்தப் பகுதிய மட்டுமாவது வாசிங்க.

எங்கட மணலுக்குக் கீழ இருக்குற நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிற தண்ணி. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நிண்டா, கீழ கிட்டத்தட்ட 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். இது நூறு வருஷத்துக்கு முந்தியே கண்டுபிடிச்ச கணக்கு. இதத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல இருக்குற அந்த 1 அடிய மோட்டர் போட்டு இறைச்சுட்டா கீழ இருந்து உப்பு 40 அடி மேல ஏற வெளிக்கிடும். அதனால பெரிய மோட்டர வெச்சு ஒரே மூச்சுல இறைச்சு மரக்கறிக்கு விடுறது எங்கட பக்கத்துல புத்தி இல்ல. இண்டைக்குக் கத்தரிக்குத் தண்ணி, நாளைக்குத் தேத்தண்ணியில உப்பு.

சுனாமியில இத நாங்க நல்லாவே பார்த்தம். 2004 டிசம்பர் 26. நாட்டிலேயே ஆகக் கூடின உயிர் போனது எங்கட அம்பாறை மாவட்டத்துல. அதப் பத்தி இஞ்ச எழுத மாட்டன். கிணத்தப் பத்தி மட்டும் சொல்றன். கடல் கிணத்துக்குள்ள விழுந்து கிடந்துது. சுத்தம் செய்ய எண்டு இறைச்சாங்க, இறைக்க இறைக்க உப்புத்தான் வந்துது. புறகு பெய்ஞ்ச மாரி மழைதான் கொஞ்சம் கொஞ்சமா உப்பக் கீழ தள்ளினது. அந்த நேரம் தென்னை தாங்கினது. தேசியும் பயித்தையும் நிண்ட நிலையில காய்ஞ்சு போச்சு.

அதனால எங்கட வூட்டுல மரக்கறிக்கு எண்டு கிணத்துல அள்ளுறது குறைவு. ஒளு எடுக்குற தண்ணி அஞ்சு வேளையும் போகுது. சவுக்காரம் இல்லாத சுத்தமான தண்ணி. எங்க போகுது எண்டு எப்பவாச்சும் பார்த்திருக்கீங்களா? எங்கட ஒளு எடுக்குற கல்லுக்குக் கீழ மச்சான் ஒரு பீலித் துண்ட வெச்சு கங்குன் பாத்திக்குத் திருப்பி விட்டார். (அவர் எங்கட தோட்டத்துக்குச் செஞ்ச ஆகப் பெரிய வேலை அதுதான். சொல்லிச் சொல்லியே காலத்த ஓட்டுறார்.) அரிசி கழுவின தண்ணி பசளிக்கு. குளிக்கிற சவுக்காரத் தண்ணி வாழைக்கு மட்டும். மீன் கழுவின தண்ணி தென்னையடிக்கு. மீன் குடல், செதில் எல்லாம் வாழையடியில ஆழமாத் தாக்கணும். மேலாக மூடினா ராவைக்கு நாய் கிண்டும், பகலைக்கு உடும்பு கிண்டும்.

சாடிக்கு வருவம். மீன் வாடியில ஐஸ் போட்டு மீன் ஏத்துற ரிஜிபோம் பெட்டி இருக்குதே, மூலை வெடிச்சா எறிஞ்சிருவாங்க. கேட்டா சும்மா தருவாங்க. நல்லாக் கழுவி மழையில வெச்சு உப்பும் மணமும் போன புறகு எடுக்கணும். எல்லாரும் அடியில ஓட்டை போடுவாங்க. நான் பக்கத்துலதான் போடுறன், அடியில இருந்து ரெண்டு விரல் உயரத்துல. மேலதிகத் தண்ணி வெளிய போகும், அடியில கொஞ்சம் தங்கும். ஒரு நாள் தண்ணி ஊத்த மறந்தாலும் கொச்சிக்கா வாடாது. மாரி தொடங்கினா அடியிலயும் ஒரு ஓட்டை, இல்லாட்டி வேர் அழுகும். 2024 நவம்பர் வெள்ளத்துல பாத்தியில நிண்டதெல்லாம் போக, திண்ணையில தூக்கி வெச்ச பெட்டிதான் மிஞ்சினது. நிலத்த நம்பி நிண்ட கத்தரி ஒண்டும் இல்ல.

குறையும் இருக்கு. வெயில்ல அந்தப் பெட்டி நாளாக ஆக உதிரும். வெள்ளை வெள்ளையா உருண்டு கடலுக்குப் போகும். அதனால வெளியில பழைய உரச்சாக்கச் சுத்திக் கட்டி வெச்சிருக்கன். டயர்ல நடுறவங்களுக்கும் ஒரு சொல்: உள்வளையத்துல தண்ணி தேங்கினா டெங்கு நுளம்பு. பி.எச்.ஐ. வந்து பார்த்தா தோட்டம் எண்டு பார்க்க மாட்டார், தண்டம்தான்.

பெட்டிக்குள்ள என்ன போடுறது? இஞ்சதான் அந்த மண் பக்கட் ஞாபகம் வந்து எரியுது. அம்பாறை மாவட்டம் நெல்லு விளையிற மாவட்டம். எங்க பார்த்தாலும் அரிசி மில். மில்லுக்குப் பின்னால உமி மலையாக் கிடக்கும். அத அள்ளிக்கொண்டு வந்து கரியாக்கலாம். பழைய பால்மா டின்னுல சுத்திவர ஓட்டை போட்டு, உள்ள சிரட்டைத் தணல் வெச்சு, சுத்தி உமியக் குவிக்கணும். உள்ள இருந்து மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வெளிய வரும். முழுசாக் கறுத்த உடனே தண்ணி தெளிச்சு அணைச்சிரணும். நிண்டு பார்க்காமக் கதை பேசப் போனீங்கண்டா சாம்பல்தான் மிஞ்சும். கறுப்பு உமி ஒரு பங்கு, மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மாட்டெருவுக்கு மட்டும் சில நேரம் காசு குடுப்பம். கிளிசரியா இலை வேலியில இருக்கு, வெட்டி மேல போட்டா எருவும் ஆச்சு, மூடாக்கும் ஆச்சு.

"இதெல்லாம் இப்ப என்னத்துக்கு? காசு குடுத்தா சந்தையில மரக்கறி இரிக்கிதானே" எண்டு கேக்குறவங்க 2022ஐ மறந்துட்டாங்க போல.

2021 மே மாசம் ராவோட ராவா ரசாயன உரத்த இறக்க ஏலா எண்டு வர்த்தமானி போட்டாங்க. நவம்பர்ல திருப்பி எடுத்தாங்க, ஆனா அந்தப் பெரும்போகம் அதுக்குள்ள அடிபட்டுப் போச்சு. எங்கட பக்கத்து வயல்காரரக் கேளுங்க, இன்னும் பல்லக் கடிப்பாங்க. கூட்டெரு நல்லதுதான், எங்கட வளவு முழுக்க அதுதான். ஆனா ரெண்டு பேர்ச் கொச்சிக்காவுக்குச் சரிவாறது அஞ்சு ஏக்கர் நெல்லுக்கு ஒரே போகத்துல சரிவருமா? அடுத்த வருஷம் நாடே கடனக் கட்ட ஏலா எண்டு கையை விரிச்சுது. 2022 செப்டம்பர்ல சாப்பாட்டுச் சாமான்ட பணவீக்கம் 94.9 வீதம். போன வருஷம் நூறு ரூபாய்க்கு வாங்கினது கிட்டத்தட்ட இருநூறு.

அந்த ஜூன்லதான் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தாங்க, வூட்டுல இருந்து பயிர் செய்யுங்க எண்டு. மூணு மாசத்துக்கு. எங்கட பக்கம் வெள்ளிக்கிழமை எண்டா என்ன? காலையில சந்தை, குளிப்பு, ஜும்ஆ, புறகு நல்ல ஆணத்தோட சோறு, புறகு நித்திரை. எங்கட ஒழுங்கையில அந்த லீவுல மம்பட்டி பிடிச்ச ஆம்பளை ஆரையும் நான் காணல்ல. பொம்பளைகள் பிடிச்சாங்க. அவங்களுக்கு லீவும் இல்ல, சம்பளமும் இல்ல. மேடையில "வீட்டுத்தோட்டம்" எண்டு பேசுற ஆரும் இந்த வேலைய ஆர் செய்றது எண்டு சொல்றதே இல்ல. தண்ணி ஊத்துறது ஆர்? கோழிக்கூடு கழுவுறது ஆர்? உம்மா, நான், இல்லாட்டி ராத்தா.

மூத்தம்மா இருந்த காலத்துல சிறிமா காலக் கதை சொல்லுவா. 1970கள்ல. வெளிநாட்டுச் சாமானுக்குத் தடை, பாணுக்கு விடியச் சாமத்துலயே வரிசை, அரிசிய ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போனா வழியில மறிச்சுப் பறிப்பாங்களாம். அந்த நேரம் வளவு முழுக்க மரவள்ளி. காலையிலயும் மரவள்ளி, ராவைக்கும் மரவள்ளி, பெருநாளைக்கு மட்டும் சோறு. அவ கடைசி வரைக்கும் மரவள்ளியத் தொடல்ல. ஆனா வேலியோரம் நாலு கம்பு ஊண்டாம விட்டதும் இல்ல. (கிழங்கு கிண்டின அண்டைக்கே அவிக்கணும், மூடாம அவிக்கணும், அண்டைக்கு இஞ்சி தொடக் கூடா. இஞ்சிக் கதை சரியோ பிழையோ, எங்கட வூட்டுல இண்டைக்கும் சட்டம்.)

ஆனா மூத்தம்மாக்கு இருந்த வளவு எங்களுக்கு இல்ல. இந்தப் பக்கத்து ஆக்களுக்கு விளங்கும்: எங்கட ஊர்கள்ல பொம்பளப் புள்ளைக்கு வூடு குடுக்கணும். வாப்பா உழைச்சதெல்லாம் சுவராப் போகும். முதல்ல வளவுல பாதி ராத்தாக்கு. மிச்சத்துல பாதி எனக்கு. மிஞ்சின மூலை தங்கச்சிக்கு. தென்னை நிண்ட இடத்துல ராத்தாட குசினி, மூத்தம்மாட மாமரத்தடியில என்ட விறாந்தை. சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் போய்ப் பாருங்க, ஒரு வூட்டுச் சுவரும் அடுத்த வூட்டுச் சுவரும் தோளோட தோள் முட்டும். அங்க மண்ணே தெரியாது, சீமெந்து. அந்த ஆக்களுக்கு "வளவுல பயிர் செய்யுங்க" எண்டு துண்டுப்பிரசுரம் குடுத்து என்ன பலன்? அவங்களுக்கு மொட்டை மாடியும் மதிலும் ரிஜிபோம் பெட்டியும்தான்.

இடம் குறைஞ்சா என்ன நடுறது எண்டு யோசிக்கணும். எங்கட கணக்கு லேசு. நாளாந்தம் கொஞ்சங் கொஞ்சமா வாங்குற சாமான நடுங்க. கறிவேப்பிலை, ரம்பை, பச்சைக் கொச்சிக்கா, கீரை, தேசி. இதுகள் ஒவ்வொண்டும் சின்னக் காசு, அதனாலதான் கணக்குல வாறதில்ல. கடைக்கு ரெண்டு ரம்பைத் துண்டுக்குப் போனவர் திரும்பி வரக்குள்ள பிஸ்கட்டும் சோடாவும் கையில இருக்கும். ரம்பை வளவுல நிண்டா அந்தப் பயணமே இல்ல. ரமழான்ல கஞ்சிக்கு ரம்பை, சர்பத்துக்குத் தேசி, எல்லாம் அந்த மாசம் பார்த்து விலை ஏறும். ஒரு தேசி மரம் நல்லாக் காய்ச்சா நாலு வூட்டுக்குப் போதும்.

கரட் நடாதீங்க. 2024 தொடக்கத்துல கரட் கிலோ 2000 ரூபாய்க்குப் போன நேரம் எங்கட சொந்தத்துக்குள்ள எல்லாருக்கும் கரட் ஆசை வந்துது. கரட் நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ல வளருறது. எங்கட மணல்ல இலை வரும், அழகா வரும், பிடுங்கினா எலி வால். வெண்டி, கத்தரி, பயித்தை, முருங்கை இதுகள் எங்கட வெயில்ல பொறந்து வளர்ந்த சாதி.

முருங்கைக்கு நான் தனியா ஒரு பதிவு எழுதணும். கம்ப ஊண்டினாப் போதும். ஒரு வேலை இல்ல. மாசி போட்டு இலையச் சுண்டினா அண்டைக்கு மீன் இல்லாட்டியும் ஆரும் கேக்க மாட்டாங்க.

விதை வாங்குறவங்களுக்கு: பளபளக்குற பக்கட்டுல கலப்பின விதை எண்டு இருந்தா அதுல வாற காயிட விதைய எடுத்து வெக்காதீங்க. அடுத்த முறை அதே காய் வராது, கலந்து கட்டி வரும். ஊர் விதையெண்டா முதல் காய்ல நல்லதா ஒண்டப் பறிக்காம விட்டு, செடியிலயே முத்த வெச்சு, சாம்பல்ல பிரட்டிப் போத்தல்ல போட்டு வெக்கலாம்.

எல்லாம் சரி, மயில்?

மயிலப் பத்திப் பேசாம எங்கட ஊர்ல தோட்டக் கதை முடியாது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலையில எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஆக்கள் அவங்கவங்க வளவுல நிண்டு அஞ்சு நிமிஷம் குரங்கு, மயில், மர அணில் எண்ணினாங்களே, ஞாபகம் இருக்கா? பயிர்ச்சேதம் எவ்வளவு எண்டு பார்க்க அரசாங்கம் வெச்ச கணக்கெடுப்பு. அண்டைக்கு எங்கட மதில்ல ஒரு மயிலும் இல்ல. ஒண்டு கூட! எட்டரைக்கு வந்து வரிசையா நிண்டு வெண்டிப் பிஞ்சத் திண்டுது.

மச்சான் சொல்றார், நாம நட்டத பறவை திண்டாலும் அது ஸதகாதான், ஹதீஸ் இருக்கு எண்டு. ஹதீஸ் இருக்கு, ஒத்துக்கொள்றன். வெண்டி நட்டு தண்ணி ஊத்தினது அவரா இருந்தா அந்த நேரத்துல அந்த ஹதீஸ் ஞாபகம் வருமா எண்டுதான் எனக்குத் தெரியா.

வலைக்கார நானாக்கிட்ட பழைய மீன் வலை கேட்டு வாங்கி மேலால கட்டினம். கிழிஞ்ச வலை அவங்களுக்குக் குப்பை, எங்களுக்குக் கூரை. இறுக்கிக் கட்டணும், தொங்க விட்டா குருவியும் ஓணானும் மாட்டிச் சாகும். மயிலுக்கு ஒரு நன்மையும் இருக்கு, நத்தை திங்கும். அதுக்காக அதுக்கு வெண்டி குடுக்க ஏலா.

கோழிய முட்டைக் கணக்குல பார்த்தா நட்டம் போலத்தான் தெரியும். ஊர்க்கோழி நினைச்ச நேரம் இடும், நினைச்ச நேரம் அடையில குந்தும். கூட்டுல தீனி வாங்கிப் போட்டு வளர்த்தா, முட்டை கடை முட்டைய விடக் கூடத்தான் முடியும். எங்கட கோழிக்கு மில்லுத் தவிடு, மிச்சச் சோறு, மீன் முள்ளு, பப்பாசித் தோல். இடுற முட்டை லாபத்துல சேர்த்தி. உண்மையான சம்பளம் கூட்டுக்குக் கீழ விழுற எரு. அத அப்படியே செடிக்குப் போட்டா சூட்டுல செடி கருகும். இலையோட கலந்து மூடி வெச்சு, கறுத்து, மணம் போன புறகு போடணும். கீரிப்புள்ளைக்காக ராவைக்குக் கூட்ட மூடுறது ஆர் எண்டுதான் எங்கட வூட்டுல தினமும் வழக்கு.

எங்கட கொச்சிக்கா விதை கேட்டு கனக்கப் பேர் எழுதியிருந்தீங்க. தாறன், காசு வேணாம். உல்லைப் பக்கம் வந்தா உங்கட வளவுல காய்க்குற ஏதாச்சும் ஒண்டிட விதையோட வாங்க, மாத்திக்குவம். நீத்துப்பூசணி மட்டும் வேணாம். அது எங்கட கூரை முழுக்கக் கிடக்கு, குடுக்கப் போனா ராத்தா கதவத் திறக்குறா இல்ல.